கணப்பு மூட்டும் முன்: கேள்வி – பதில்

பனி இறங்கத் தொடங்கியதும் மலையூர்களிலிருந்து கடிதங்கள் வந்துவிட்டன. கடல் கடந்தும் சில. எல்லாமே பல வருடங்களாக மூட்டப்படாத செங்கல் கணப்புகளையும் புகைபோக்கிகளையும் பற்றியவை என்பதால், இந்த முறை பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கே: வெள்ளைக்காரர் காலத்துப் பங்களா ஒன்று வாங்கியிருக்கிறோம். ஹாலில் அழகான கணப்பு. முப்பது வருடமாக யாரும் பற்றவைக்கவில்லையாம். விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு செய்தித்தாளைக் கொளுத்திப் பார்த்தால் புகை போகிறதா என்று தெரிந்துவிடாதா? (குன்னூர்)

ப: புகை போகிறதா என்பது தெரியும். எங்கே போகிறது என்பது தெரியாது. செங்கல் இடுக்குகளில் காரை உதிர்ந்திருந்தால், கீழே நிற்கும் உங்கள் கண்ணுக்குப் புகை ஒழுங்காக மேலேறுவதுபோலவே இருக்கும். அதில் ஒரு பங்கு மாடிப் படுக்கையறைக்கும் மச்சுக்கும் கசிந்துகொண்டிருக்கும். அதோடு, எரியும் காகிதம் லேசானது, விர்ரென்று மேலே பறக்கும். மேலே காய்ந்த குச்சிக் கூடு ஒன்று இருந்தால் மிச்சத்தைத் தீயணைப்பு நிலையத்தார் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கண்ணால் பார்ப்பது முதல் வேலை. தட்டிப் பார்ப்பது, சுத்தம் செய்வது, புகை விட்டுச் சோதிப்பது எல்லாம் அதற்கப்புறம். நெருப்பு கடைசி. பேரப்பிள்ளைகளுக்கு இந்த வருடம் நல்ல கம்பளியாக வாங்கி வையுங்கள்.

கே: முப்பது வருடம் நெருப்பே வைக்காத கணப்பு எப்படிக் கெட்டுப்போகும்? உபயோகித்தால்தானே எதுவும் தேயும்? (கோத்தகிரி)

ப: பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். புகைபோக்கியின் முதல் எதிரி தண்ணீர். நெருப்பு அதற்கு அடுத்துத்தான் வரும். வருடாவருடம் மூட்டப்படும் புகைபோக்கியை அந்தச் சூடே உலர்த்திவிடுகிறது. கைவிடப்பட்டதற்கு அந்த வாய்ப்பு இல்லை. உச்சி திறந்திருந்தால் மழை நேராக உள்ளே விழும். நீலகிரிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. உள்ளே ஒட்டியிருக்கும் பழைய கரி நனைந்தால் அமிலமாகிச் சுண்ணாம்புக் காரையை அரிக்கும். உள்ளே பதித்த இரும்பு துருப்பிடித்து உப்பும், உப்பிய இரும்பு கல்லைப் பிளக்கும். ஆகவே பரிசோதனை என்பது தண்ணீர் போன வழியே நாமும் போவதுதான். தண்ணீர் மேலிருந்து வந்தது, நாமும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

கே: அப்படியானால் கூரை மேல் ஏற வேண்டுமா? எனக்கு வயது 64. (ஊட்டி)

ப: வேண்டவே வேண்டாம். பழைய மங்களூர் ஓடும் துருப்பிடித்த தகரமும் ஆள் பாரத்தைத் தாங்கும் என்று நம்பக் கூடாது. தரையில் நின்று பைனாகுலரால் பாருங்கள். வீட்டைச் சுற்றி நான்கு பக்கமும் நடந்து பார்க்க வேண்டும்.

புகைபோக்கி நேராக நிற்கிறதா, ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? உச்சியில் மழைநீர் வழிந்தோடச் சரிவாகப் பூசிய மேல்பூச்சு வெடித்திருக்கிறதா? செங்கல் முகம் பொக்குவிட்டு உரிந்திருக்கிறதா? வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா? பூத்திருந்தால் அந்தச் சுவருக்குள் தண்ணீர் போய் வருகிறது என்று பொருள். அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்பதைத் தவறாமல் பாருங்கள். கீழிருந்து பார்த்தால் நான்கு இலைதான் தெரியும், வேரோ இடுக்கு இடுக்காகப் பல அடி இறங்கியிருக்கும். அதை வெறுமனே பிடுங்கச் சொல்லாதீர்கள், கல்லும் கூடவே வரும். வேரைச் சாகடித்துவிட்டு, அந்தப் பகுதியைப் பிரித்துக் கட்டுவதுதான் முறை.

புகைபோக்கியும் கூரையும் சேரும் இடத்தில் ஈயத்தகடோ துத்தநாகத் தகடோ மடித்து வைத்திருப்பார்கள். அது தூக்கிக்கொண்டிருந்தால் மழைநீர் நேரே மச்சுக்குள் வரும். அதனால் அடுத்து மச்சுக்குப் போங்கள். டார்ச் அடித்துப் புகைபோக்கியை ஒட்டிய கைமரங்களைப் பாருங்கள். ஓதக் கறை இருக்கிறதா என்பதோடு மரம் கருகியிருக்கிறதா என்பதும் முக்கியம். அந்தக் காலத்தில் உத்தர முனையைப் புகைபோக்கிச் சுவரிலேயே செருகிவிடுவது உண்டு. பல வருடம் சூடு பட்ட மரம் முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே தீப்பிடிக்கும். அமெரிக்க விதிகள் வீட்டுக்குள் போகும் புகைபோக்கிக்கும் மரத்துக்கும் இடையே 2 அங்குல இடைவெளி கேட்பது இதனால்தான். உங்கள் மச்சில் மரமும் செங்கல்லும் ஒட்டிக்கொண்டிருந்தால், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் அந்தக் கணப்பை மூட்டாதீர்கள்.

கே: கணப்புக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். ஒரே இருட்டு. எதைப் பார்க்க வேண்டும் என்றே தெரியவில்லை. (கொடைக்கானல்)

ப: தலையை விடுவதற்கு முன் தரையைப் பாருங்கள். அங்கே விழுந்து கிடக்கும் குப்பையே பாதி அறிக்கை. அதைக் கூட்டித் தள்ளிவிடாமல் ஒரு வெள்ளைத் துணியில் பரப்புங்கள். செந்தூளும் மணலும் அதிகமாக இருந்தால் செங்கல்லும் காரையும் உதிர்கின்றன. சட்டி உடைந்ததுபோல் வளைந்த சுடுமண் சில்லுகள் கிடந்தால், புகைவழிக்குள் வைத்த மண்குழாய் உடைந்திருக்கிறது. விரலில் தேய்த்தால் மாவாகும் கரி பயமில்லாதது, துடைத்தால் போய்விடும். கறுத்து மினுமினுக்கும் கெட்டிச் செதில்கள் கிடந்தால் அது கிரியோசோட், ஈர விறகின் புகை குளிர்ந்து படிந்த தார். உள்சுவரில் அது 3 மில்லிமீட்டர் தடித்தாலே சுரண்டி எடுத்தாக வேண்டும் என்பது அமெரிக்கப் புகைபோக்கித் தொழிலாளர்களின் கணக்கு. அது தீப்பிடித்தால் புகைவழிக்குள் சூடு 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தேன்கூடுபோல உப்பிய, நுரைத்த கரி கிடந்தால், எப்போதோ ஒரு முறை உள்ளே தீப்பிடித்து அணைந்திருக்கிறது. வீட்டிலிருந்தவர்களுக்கே அது தெரியாமல் போயிருக்கலாம்.

இப்போது முகமூடியும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு உள்ளே பாருங்கள். நெருப்புப் படும் பின்சுவரின் காரை இடுக்கில் ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாகச் சுரண்டுங்கள். நல்ல காரை கீறல் மட்டும் வாங்கும். கெட்ட காரை உதிர்ந்து உள்ளங்கையில் விழும். செங்கற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள், பொத்தென்று கேட்பது உள்ளே விட்டுப்போனது. மேலே குறுகும் தொண்டைப் பகுதியில் இரும்புத் தகடு ஒன்று, டாம்பர் என்பார்கள், இருக்கலாம். அது முழுதாகத் திறந்து மூடுகிறதா, துருவில் இறுகிவிட்டதா என்று பாருங்கள். அதற்குப் பின்னால் ஒரு திண்டு இருக்கும், பல வருடத்துக் குப்பை சேர்வது அங்கேதான். கடைசியாக, பட்டப்பகலில் ஒரு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து மேலே பாருங்கள். வானம் தெரிந்தால் வழி அடைபடவில்லை. தெரியாவிட்டாலும் பதற வேண்டாம், புகைவழி வளைந்து போயிருக்கலாம். போனோடு இணைக்கும் வயர் கேமரா கடைகளில் கிடைக்கிறது, அதை விட்டுப் பார்த்துவிடலாம்.

கே: புகைபோக்கியில் மைனா குஞ்சு பொரித்திருக்கிறது. (கோத்தகிரி)

ப: குஞ்சுகள் பறக்கும் வரை பொறுங்கள். பறந்ததும் கூட்டை எடுத்துவிட்டு உச்சியில் கம்பிவலை போட்ட மூடி வையுங்கள். வலைக்கண் அரை அங்குலத்துக்குக் குறைய வேண்டாம், கரி அடைத்துக்கொள்ளும்.

கே: கொத்தனார் வந்து பார்த்தார். "எல்லா இடுக்கையும் சிமென்ட் வைத்து இறுக்கிவிடுகிறேன், நூறு வருடம் தாங்கும்" என்கிறார். நம்பலாமா? (ஊட்டி)

ப: அவர் கைத்திறமையை நம்புங்கள், சிமென்டை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். கலெக்டர் ஜான் சல்லிவன் உதகையில் ஸ்டோன் ஹவுஸைக் கட்டத் தொடங்கியது 1822இல். போர்ட்லண்ட் சிமென்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பதிவானது 1824இல். அந்தத் தலைமுறைப் பங்களாக்கள் சுண்ணாம்புக் காரையில் எழுந்தவை. சுண்ணாம்பு செங்கல்லைவிட மென்மையானது, ஈரத்தை உள்ளே அடைக்காமல் வெளியே விடும். அதன் மேல் சிமென்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல் வழியாகவே வரும், செங்கல்லின் முகம் உரியும். காரையை மறுபடி வைத்துவிடலாம், உரிந்த செங்கல்லை என்ன செய்வது? உதிர்ந்த காரையை ஓர் அங்குல ஆழமாவது சுரண்டி எடுத்து, சுண்ணாம்புக் காரையே வைக்கச் சொல்லுங்கள். நெருப்பு நேராகப் படும் அடுப்புப் பகுதிக்கு மட்டும் தீச்செங்கல்லும் அதற்குரிய தீக்காரையும் வேண்டும்.

இங்கிலாந்தில் அந்தக் காலக் கொத்தனார்கள் புகைவழியின் உட்புறத்தைச் சுண்ணாம்பும் மாட்டுச்சாணமும் கலந்து பூசினார்கள். நம் கொத்தனாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், மகிழ்ந்துபோவார். ஆனால் அந்த உட்பூச்சு இன்று பெரும்பாலும் உதிர்ந்திருக்கும். மூட்டியே தீர வேண்டும் என்றால், உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இறக்குவதுதான் நம்பகமான வழி.

கே: மாடியில் புகைபோக்கிச் சுவரில் பழுப்புக் கறை. மூன்று முறை பெயின்ட் அடித்தாயிற்று, திரும்பத் திரும்ப வருகிறது. (நுவரெலியா)

ப: நான்காவது முறையும் வரும். பல்லாண்டுப் புகையிலிருந்த உப்பும் தாரும் செங்கல்லில் ஊறிப்போயிருக்கின்றன. அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தையே இழுத்துக்கொள்ளும், மழைகூட வேண்டியதில்லை. முதலில் உச்சியை மூடி மழையை நிறுத்துங்கள். கீழே காற்றோட்டத்துக்கு வழி விடுங்கள். பிறகு கறை பட்ட பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல்லை நன்றாக உலரவிட்டுச் சுண்ணாம்பு பூசுங்கள். அதற்கு முன் வாங்கும் பெயின்ட் எல்லாம் வீண் செலவு.

கே: வாங்கிய வீட்டில் கணப்பு மூடிக் கிடக்கிறது. அந்த மாடத்தைப் பூஜை அறையாக்கி, குத்துவிளக்கு ஏற்ற ஆசைப்படுகிறோம். ஆகாதா? (ஹாரோ, லண்டன்)

ப: ஆகும், நான்கு வேலை முடிந்த பிறகு. கணப்பை அடைத்திருக்கும் பலகையை நீங்களே உடைக்காதீர்கள். பிரிட்டன் ஆஸ்பெஸ்டாஸை முழுவதுமாகத் தடை செய்தது 1999இல்தான், அதற்கு முந்தைய பலகைகளில் அது இருக்கலாம். சோதிக்கச் சொல்லிவிட்டுப் பிரியுங்கள். அடுத்து, புகைவழியைத் துடைக்க ஆள் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் காற்றடிக்கும் நாளில் சாமி படத்தின் மேல் கரி கொட்டும். குளிர்காற்றை அடைக்க முந்தைய சொந்தக்காரர் மேலே பிளாஸ்டிக் பலூன் ஒன்றைச் செருகி வைத்திருக்கலாம், விளக்குக்கு மேல் அது கூடவே கூடாது. கடைசியாக, பழைய கேஸ் கணப்பு இருந்த இடமானால் குழாய் முறையாகத் துண்டிக்கப்பட்டதா என்று பதிவு பெற்ற கேஸ் தொழிலாளியிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மாடத்தின் மேற்பகுதியை மூடினாலும் ஒரு காற்றுச்சல்லடை விடுங்கள். முழுவதும் அடைத்தால் உள்ளே ஓதம் கட்டும். விளக்கை ஏற்றிவிட்டு அறையை விட்டுப் போகாதீர்கள்.

கே: எங்களுக்கு முன் இருந்தவர் கீழ்த்தளத்தில் புகைபோக்கிச் சுவரை இடித்து இடத்தைப் பெரிதாக்கியிருக்கிறார். மாடியிலும் கூரை மேலும் அது அப்படியே நிற்கிறது. (ஈஸ்ட் ஹாம், லண்டன்)

ப: எதன் மேல் நிற்கிறது? இன்றே கேட்க வேண்டிய கேள்வி இது. மேலே நிற்கும் செங்கல் ஒரு டன்னுக்கு மேல் எடை கொண்டது. அடியில் எஃகு உத்தரம் கொடுத்திருக்க வேண்டும், அதற்கு உள்ளூராட்சியின் கட்டட அனுமதிச் சான்று இருக்க வேண்டும். சான்று இல்லையென்றால் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் ஒருவரை வரவழையுங்கள். வரிசை வீடானால் அதே புகைபோக்கியில் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பங்குண்டு. பொதுச்சுவர் பற்றிய 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலை தொடங்கும் முன் அவருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

கே: விறகு மூட்டினால்தானே புகை? நாங்கள் கரித்துண்டுகளை ஒரு தட்டில் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு குளிர் காய்கிறோம். புகையே இல்லை. (கொடைக்கானல்)

ப: அம்மா, இதை வாசித்ததும் அந்தத் தட்டை வெளியே வையுங்கள். மற்றவற்றைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான ஈர்ப்போடு அது பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து பலர் எழுந்ததில்லை. மலையூர் விடுதி அறைகளில் இப்படிக் குடும்பமாகவே போய்ச் சேர்ந்த செய்திகளை நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது, ஏனென்றால் இது முழுக்கத் தடுக்கக்கூடிய சாவு. புகைபோக்கி அடைபட்டிருந்தால் கணப்பும் இதே வேலையைச் செய்யும். கணப்புள்ள ஒவ்வொரு வீட்டிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று இருக்க வேண்டும். ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் படுக்கையறைக்கு ஒன்று என்று மாட்டுங்கள். இதில் காசு பார்க்காதீர்கள்.

கே: புகைபோக்கி துடைக்க இங்கே ஆளே இல்லை. எஸ்டேட்டில் வேலை செய்பவரின் மகன் ஒல்லியாக இருக்கிறான், "உள்ளே ஏறித் துடைத்துவிடுகிறேன்" என்கிறான். (வால்பாறை)

ப: கூடாது. எந்தப் பிள்ளையும், எந்தக் கூலிக்கும், எவ்வளவு ஆசைப்பட்டுக் கேட்டாலும் கூடாது.

இங்கிலாந்தில் நூறு வருடத்துக்கும் மேலாக ஏழைச் சிறுவர்களைத்தான் புகைவழிக்குள் ஏற்றினார்கள். அங்கே படிந்திருந்த புகைக்கரி அவர்களுக்குப் பின்னாளில் புற்றுநோய் தந்தது என்பதை 1775இல் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் எழுதினார். ஒரு தொழிலால் புற்றுநோய் வரும் என்று மருத்துவம் முதன்முதலாகக் கண்டுகொண்டது அந்தப் பிள்ளைகளின் உடம்பில்தான். 1788இல் ஒரு சட்டம், 1834, 1840, 1864 என்று மேலும் சட்டங்கள் வந்தும் நிற்கவில்லை. 1875இல் ஜார்ஜ் ப்ரூஸ்டர் என்ற சிறுவன் கேம்பிரிட்ஜ் அருகே ஒரு மருத்துவமனையின் புகைபோக்கியில் சிக்கி இறந்த பிறகுதான், அந்த வருடத்துச் சட்டம் அதை உண்மையில் நிறுத்தியது.

நீண்ட பைபர் கம்பிகளை ஒன்றோடொன்று திருகி, முனையில் வட்டத் தூரிகை மாட்டிக் கீழிருந்தே துடைக்கலாம். கணப்பின் வாயை ஈரத்துணியால் நன்றாக மூடிக்கொண்டு பெரியவர் ஒருவர் செய்ய வேண்டிய வேலை அது.

கே: எல்லாம் துடைத்தாயிற்று, கசிவும் இல்லை. மூட்டினால் புகை ஹாலுக்குள்ளேயே திரும்புகிறது. (குன்னூர்)

ப: முதலில் ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். உள்ளே காற்று வர வழியில்லாவிட்டால் புகை வெளியே போகாது. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்துங்கள், அது புகைபோக்கி வழியாகவே காற்றை உறிஞ்சும். பல நாள் குளிர்ந்து கிடந்த புகைவழியில் கனத்த குளிர்காற்று நிற்கும். அடுத்த முறை மூட்டும் முன் தொண்டைப் பகுதியில் ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை கீழே வந்தால் ஒரு சுருள் காகிதத்தை அங்கே பிடித்து எரித்து, புகைவழியைச் சூடாக்கிய பிறகு விறகைப் பற்றவையுங்கள்.

அப்படியும் திரும்பினால் கோளாறு கட்டுமானத்தில் இருக்கிறது. கணப்பு வாயின் பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காவது புகைவழியின் பரப்பு இருக்க வேண்டும். புகைபோக்கி கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர வேண்டும், 10 அடி தூரத்துக்குள் கூரையின் எந்தப் பகுதியைவிடவும் 2 அடி உயரமாக நிற்க வேண்டும். ஆழமான கணப்புகள் புகையைத் திருப்பும் என்பதை ரம்ஃபோர்டு பிரபு 1796இலேயே எழுதி, ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, தொண்டையைக் குறுக்கிக் காட்டினார். உங்கள் கணப்பு ஆழமான பெட்டியாக இருந்தால் தீச்செங்கல்லால் உள்ளே அப்படித் திருத்திக் கட்டலாம்.

கே: தோட்டத்தில் யூகலிப்டஸும் சீகையும் நிறைய. வெட்டி உடனே போடலாமா? (ஊட்டி)

ப: வெட்டிப் பிளந்து, மழை படாத, காற்று படும் இடத்தில் ஒரு வருடமாவது அடுக்கி வையுங்கள். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். இரண்டு கட்டைகளை மோதினால் கணீரென்று கேட்க வேண்டும், முனையில் வெடிப்பு ஓடியிருக்க வேண்டும். பச்சை விறகின் புகையே கிரியோசோட்டுக்கு மூலப்பொருள். பெயின்ட் அடித்த பழைய ஜன்னல் சட்டத்தை எரிக்கவே எரிக்காதீர்கள்.

கே: பழைய வீடு வாங்குகிறோம். வீட்டைப் பார்த்த இன்ஸ்பெக்டர் கணப்பை மேலோட்டமாகப் பார்த்து "ஓகே" என்று எழுதியிருக்கிறார். போதுமா? (டொரொண்டோ)

ப: போதாது. வட அமெரிக்காவில் புகைபோக்கிப் பரிசோதனைக்கு மூன்று நிலைகள் வகுத்திருக்கிறார்கள். வீடு கைமாறும்போது இரண்டாம் நிலை வேண்டும். அதாவது புகைவழி முழுவதும் கேமரா விட்டுப் பார்ப்பது, மச்சையும் நிலவறையையும் பார்ப்பது. கனடாவில் விறகுக் கணப்புகளுக்கான 'வெட்' (WETT) சான்று பெற்றவரை அழையுங்கள், காப்புறுதி நிறுவனங்களே பெரும்பாலும் அதைக் கேட்கும். உங்கள் ஊரில் செங்கல்லுக்குள் போன தண்ணீர் உறைந்து, உருகி, மறுபடி உறையும். ஒரே குளிர்காலத்தில் முகம் முகமாக உரிந்துவிடும். கோடையில் உள்ளே உழவாரன் கூடு தெரிந்தால் கை வைக்காதீர்கள், அங்கே அந்தப் பறவைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

கே: வந்து பார்த்தவர், "இனி இதில் நெருப்பே வைக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டார். இடித்துவிடலாமா? (குன்னூர்)

ப: இடிக்காதீர்கள். அந்தச் சுவர் கூரையின் ஒரு பங்கைத் தாங்கிக்கொண்டிருக்கலாம். அதோடு, ஹாலின் அழகே அதுதான். உச்சியில் மழை புகாத, காற்று புகும் மூடி போடுங்கள். கீழே காற்றுச்சல்லடை வையுங்கள். சாய்வு, வெடிப்பு இருந்தால் கூரைக்கு மேலுள்ள பகுதியை மட்டும் பிரித்துச் சுண்ணாம்பில் திரும்பக் கட்டுங்கள். கணப்புக்கு முன்னால் மின்சார ஹீட்டர் வைக்கலாம். 2000 வாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், ஆகவே பழைய வயரில் செருகாமல் 16 ஆம்பியர் பாயின்ட் தனியாக இழுத்துக்கொள்ளுங்கள்.

கணப்பின் மேல் "நெருப்பு வைக்கக் கூடாது" என்று தேதியோடு ஒரு தகடு அடியுங்கள். விருந்தினர் வருவார்கள், வாடகைக்கு வருவார்கள், யாராவது ஒரு குளிர் இரவில் விறகு தேடுவார்கள். வீட்டை விற்கும் நாள் வந்தால் பரிசோதனை அறிக்கையின் நகலைப் பத்திரத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.